பந்துக்குத் தலை கொடுத்தவர்

திங்கட்கிழமை காலையில் அவர் நெற்றியைப் பார்த்தே முதல்நாள் மழை பெய்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். மழை பெய்திருந்தால் முடி தொடங்குகிற இடத்தில், செருப்புத் தைத்த தையல் மாதிரி, ஒரு அச்சு சிவந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆடுவார், அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. காற்றடித்த பிறகு அதன் வாயைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நனைந்தால் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், வார் விறைத்துக்கொள்ளும். அந்த வார் பட்ட அச்சுதான் அது.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபிறகு அவர்களுடைய கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடு அது. அவரும் நாங்களும் ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். திங்கட்கிழமைகளில் தன் சின்ன மகளை அவரே தூக்கிக்கொண்டு வருவார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் குந்தி, தவழ்ந்து வருகிற குழந்தைகளுக்கெல்லாம் நெற்றியைக் காட்டுவார். அவை தொட்டுப் பார்க்கும், கிள்ளும். "வலிக்கலியாண்ணே?" என்று கேட்டால் விரல் முட்டியால் மண்டையைத் தட்டிக் காட்டுவார்.

"தாங்கும் தங்கச்சி."

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் தெரிந்தால் ஆளைக் கும்பிடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

ஒதுங்கத் தெரியாத மனிதர் அவர். அவரைப்பற்றி எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. ஒருமுறை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, விறகு ஏற்றி வந்த லொறியிலிருந்து ஒரு பெரிய கட்டை சரிந்து பாதையில் உருண்டு வந்தது. நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். அவர் மட்டும் காலை அகட்டி, கைகளை விரித்து, அதை எதிர்பார்த்து நின்றார். கட்டை ஒரு கல்லில் தட்டி வேறு பக்கம் போயிற்று. "ஏண்ணே அப்படி நின்னீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வருதே, யாராச்சும் பிடிக்கணும்ல" என்றார். கங்காணி இன்னொருவர் வேலையை இவர் தலையில் கட்டினாலும், கல்யாண வீட்டில் பெரிய அண்டாவை இறக்கக் கூப்பிட்டாலும் அதே மாதிரிதான். கூப்பிட்டால் வருவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணனுக்கு மாட்டேன்னு ஒரு சொல்லு யாரும் சொல்லித் தரலையா?" என்று மதினியிடம், அவர் மனைவியிடம், கேலி செய்வேன். "நீயே சொல்லிக் குடு புள்ள, உங்க அண்ணன் தானே" என்பாள் மதினி.

மைதானத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மைதானம் மலையைச் சீவி எடுத்தது. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. பலமாக உதைத்த பந்து ஆற்றில் போய் விழும். பையன்கள் ஓடிப்போய் எடுத்து வருவார்கள், தண்ணீரை உதறிவிட்டு அப்படியே ஆடுவார்கள். எல்லாரும் வெறுங்கால்தான். நாங்கள் மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழே கூடாரத்தில் துரையும் துரைசாணியும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் நாற்காலி போட்டு இருப்பார்கள்.

அவர் நடுவில் ஆடுகிறவர். எதிர்ப்பக்கத்துக் கோல்காரன் உயர உதைக்கிற பந்தைத் தலையால் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பின்னேரங்களில் பனிமூட்டம் இறங்கிவிடும். பந்து அதற்குள் போய் மறைந்தால் எங்கே விழும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆடுகிறவர்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். ஓரிடத்தில் போய் நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மேடு முழுக்க, ஆணும் பெண்ணும், "தலை குடு, தலை குடு" என்று ஒரே குரலாகக் கூப்பிடுவோம். மூட்டத்துக்குள்ளிருந்து பந்து நேரே அவரிடம் இறங்கும். கண்ணை மூடமாட்டார். நனைந்த பந்து நெற்றியில் படுகிற சத்தம் மேட்டின் உச்சிவரை கேட்கும், பூசணிக்காயைத் தரையில் போட்டதுபோல.

பொய் சொல்லக்கூடாது. அந்தச் சத்தம் எங்களுக்கு இனித்தது. அது சரியாகக் கேட்காவிட்டால் ஏதோ குறைந்ததுபோல இருக்கும்.

வலிக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று இப்போது கேட்பார்கள். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டித்தான் நாள் முழுக்கச் சுமக்கிறோம். மழை நாளில் ஈரக் கொழுந்தின் கனத்தில் உச்சந்தலை பள்ளம் விழுந்து, அந்த இடத்தில் முடியே முளைக்காது. விறகு தலையில், தண்ணீர் தலையில், உர மூட்டை தலையில். தலை என்றால் சுமக்கிற உறுப்பு என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குள்ளே ஒரு மனிதன் குடியிருக்கிறான் என்று யார் நினைத்தார்கள். இத்தனைக்கும் என் வேலை என்ன? பிள்ளைகளின் தலை தரையில் மோதாமல் பார்த்துக்கொள்வது. தொட்டிலிலிருந்து ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் அதன் தாய்க்குப் பதில் சொல்ல முடியாது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டில் போய் உட்கார்ந்து தலை குடு என்று கத்துவேன்.

எங்களுக்கு அப்போது வேறு பெருமையும் இல்லை. ஓட்டு இருந்தது, கடல் தாண்டி வந்தவர்கள் என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள். இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று காட்டு என்று கேட்டால் எதைக் காட்டுவது? வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த தோட்டத்துக்காரர்களைத் தோற்கடித்து ஒரு கப்பைத் தூக்கிக்கொண்டு தப்படித்து வருவோம், அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். துரைக்கும் அது தெரியும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்திலிருந்து அவரைப் பிரித்து ஸ்டோரில் கொழுந்து காயப்போடுகிற மாடியில் லேசான வேலை கொடுத்திருந்தார். ஆட்டம் உள்ள நாளில் வேலைக்குப் போகாமலே முழுப்பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும். மற்றத் துரைமார் தங்கள் நாயையும் குதிரையையும்பற்றிப் பேசுகிறபோது எங்கள் துரை இவரைப்பற்றிப் பேசுவாராம். பங்களாவில் சமையல் செய்தவர் சொன்னார். நாங்கள் அதைக் கேட்டுப் பூரித்துப்போனோம்.

ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிந்துகொண்டவள் மதினிதான். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்கும்.

"என் சட்டை எங்க?"

"போட்டிருக்கீங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என் சட்டை எங்க?"

நாங்கள் இந்தப் பக்கம் சிரிப்போம். பிறகு ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வருகிற வழியில், சின்ன வயதிலிருந்து நடந்த பாதையில், பிரிகிற இடத்தில் நின்றுவிடுவார். யாராவது வந்தால் அவர்களோடு சேர்ந்து வருவார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். குரல் உயர்த்திப் பேசாத மனிதர் மதினியை அடித்தார். அடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் ஓடிப்போனேன். மதினி கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அவரு அடிக்கல புள்ள. இது வேற யாரோ" என்றாள்.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த காரணம்தான் வேடிக்கை. கண்பட்டுவிட்டது என்று முடிவு செய்தோம். இத்தனை பேர் பார்க்கிற ஆள், கண்படாமல் இருக்குமா? லயத்துப் பெண்கள் எல்லாம் கூடினோம். மிளகாயும் உப்பும் மைதானத்து மண்ணும் எடுத்து அவர் தலையை மூன்றுமுறை சுற்றி அடுப்பில் போட்டோம். சுற்றியவள் நான்தான். மிளகாய் நெடி வரவில்லை, அப்படியானால் கண் பொல்லாத கண்தான் என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டோம். ஊர்க்கண், உறவுக்கண் என்று வாய் நிறையச் சொல்லிச் சுற்றினாலும், மனதுக்குள் எங்களிடம் தோற்ற கீழ்த்தோட்டத்துக்காரர்களின் கண்தான். எங்கள் கண் அதில் சேர்த்தி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கண் கழித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று மேட்டில் போய் உட்கார்ந்து அவரைப் பார்த்தோம்.

பார்த்துப் பார்த்துத்தான் அந்த மனிதர் கெட்டார் என்பதை எங்கள் வாயாலேயே சொன்னோம். சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு விரலை நீட்டினோம்.

மதினி மிளகாயை நம்பவில்லை. அவரைக் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். மருந்து கொடுக்கிற ஐயா அவர் கண்ணில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். அவரால் நேராக நடக்க முடியவில்லை.

"உள்ளுக்குள்ள அடிபட்டிருக்கும்மா. இனிமே தலையில பந்து படவே கூடாது" என்றாராம்.

"இதைத் துரைகிட்ட சொல்லுங்கையா."

"சொன்னேன். இந்த ஃபைனல் ஒண்ணு முடியட்டும்னு சொல்றாரு."

மதினி துரையிடம் போனாள், பங்களாவின் பின்வாசலில் நின்று திரும்பினாள். கங்காணியிடம் போனாள். கங்காணி, "துரைக்கு மேல நான் என்னத்தச் சொல்ல" என்று கையை விரித்தார். கடைசியாகப் புருஷனிடமே சொன்னாள். அவர் வழக்கம்போல மண்டையைத் தட்டிக் காட்டினார்.

அதற்குப்பிறகுதான் எங்களிடம் வந்தாள். சனிக்கிழமை மத்தியானம், மலையூற்றைத் திருப்பிவிட்ட பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. லயத்துப் பெண்கள் துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தோம். மதினி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"நாளைக்கு நீங்க யாரும் போகாதீங்க" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. "எங்க மதினி?" என்று கேட்டேன்.

"தலவாக்கலை டவுனுக்கு, ஃபைனல் மேட்சுக்கு. நீங்க போகாம இருந்தா அவரு ஆட மாட்டாரு."

"துரை விட்ருவாரா? நாங்க போகாட்டி என்ன ஆகப்போகுது?" என்றாள் ஒருத்தி, துணியைப் பிழிந்தபடி.

"அவரு துரைக்காக ஆடல. கப்புக்காகவும் ஆடல. நீங்க கூப்பிடுறீங்க. கூப்பிட்டா அவருக்கு வராம இருக்கத் தெரியாது. இத்தனை வருசம் கூட இருந்தும் உங்களுக்குத் தெரியலையா? கூப்பிட ஆளு இல்லைன்னா திரும்பிப் பார்ப்பாரு, வீட்டுக்கு வந்துருவாரு. எம் புருசன் எனக்கு மிச்சமாகட்டும். ஒரு நாளைக்கு வராம இருங்க, போதும்."

துணி பிழிந்துகொண்டிருந்தவள் முதலில் தலையாட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சரி என்றோம். மாரியம்மன்மேல் சத்தியம் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சொன்னோம். மனதாரத்தான் சொன்னோம். மதினி குடத்தை வைத்து, நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தப்புச் சத்தம் விடியும்போதே தொடங்கிவிட்டது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியைத் துரை எங்களுக்காக அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆண்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லையே. நான் அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன். லொறி ஹோர்ன் அடித்தது. யாராவது சத்தியத்தை மீறிப் போகிறார்களா என்று பார்க்கத்தான் வெளியே வந்தேன். அடுத்த லயத்து வாசலில் ஒருத்தி நின்றாள். அவளும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். இருவரும் பாதைவரை போய்ப் பார்ப்போம் என்று போனோம். லொறியில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்க்கவில்லை. "நீ போறியான்னு பார்க்கத்தான் வந்தேன்" என்று என் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. அப்போது லொறி ஸ்டோரைத் தாண்டிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்ற கவலைதான் எனக்கு வழியெல்லாம்.

தலவாக்கலை மைதானத்தில் கூட்டம் சொல்லி முடியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி வந்து முதலில் எங்கள் பக்கம்தான் திரும்பினார். எல்லாரும் இருக்கிறோமா என்று பார்ப்பதுபோலக் கண்ணை ஓட்டினார். நாங்கள் கூப்பிட்டோம். கையைத் தூக்கிக் காட்டினார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மதினி வந்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள், சின்ன மகள் இடுப்பில். நேரே எங்கள் கூட்டத்துக்கு முன்னால் வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பீலியில் சத்தியம் செய்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன.

பின்னாலிருந்து ஒரு குரல், "கொஞ்சம் தள்ளிக்கங்க மதினி, மறைக்குது."

அவள் தள்ளவில்லை. நாங்கள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டோம். நானும் சாய்த்தேன்.

பாதி ஆட்டத்துக்கு முன் ஒரு பந்து மேலேயிருந்து வந்து அவர் நெற்றியின் பக்கவாட்டில் பட்டது. முழங்காலில் விழுந்தார். எழுந்தார். எழுந்தவர் எதிர்ப்பக்கத்து ஆட்களோடு போய் நின்றுகொண்டார். எங்கள் பையன் ஒருவன் வந்து கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்தான். தப்பு நின்றுவிட்டது. கூடாரத்தில் துரைக்குப் பக்கத்தில் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டிஸ்பென்சரி ஐயா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். துரை திரும்பாமலே ஏதோ சொன்னார். ஐயா உட்கார்ந்துவிட்டார். தப்புக்காரர் மறுபடி அடித்தார். நாங்களும் மூச்சு விட்டோம்.

மற்றதையும் சொல்கிறேன். ஆளுக்கொரு கோல் போட்டு, ஆட்டம் முடிகிற நேரம். மூலையிலிருந்து எங்கள் பையன் பந்தை உயர உதைத்தான். அது மழைக்குள் சுழன்று, யாருக்கும் எட்டாத உயரத்தில் வந்தது. அவர் தூரத்திலிருந்து ஓடிவரவில்லை. நின்ற இடத்திலிருந்தே எழும்பினார். எழும்பிய மனிதர் மேலே கொஞ்ச நேரம் இருந்தார் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. எல்லாரும் இறங்கியபிறகும் அவர் மேலே இருந்தார், கண்ணைத் திறந்துகொண்டு. "தலை குடு" என்று அந்த மைதானமே கூப்பிட்டது. என் வாயும் அதில் இருந்தது. பந்து நெற்றியில் பட்டு, கோல்காரன் கையை அசைப்பதற்குள் உள்ளே போயிற்று.

என் ஆயுளில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அந்த மனிதரை அது என்ன செய்தது என்று கூட இருந்து பார்த்தவள் நான். இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தக் கோல்தான், உடம்பு சிலிர்க்கிறது. என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டாலும் அந்தச் சிலிர்ப்பு நிற்கவில்லை. எனக்கு மன்னிப்பு எங்கேயிருந்து வரும்?

எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அவர் ஏன் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொருவரையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அப்போதும் திரும்பவில்லை. கோல் விழுந்தது எங்கள் முகத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

திரும்புகிற லொறியில் அவரை நடுவில் உட்காரவைத்து மடியில் கப்பைக் கொடுத்தார்கள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். லொறி மேட்டில் ஏறும்போது அவர் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எவ்வளவு தூரம்? லேட்டாப் போனா அவிங்க முதல்ல கோல் போட்ருவாங்க" என்றார்.

லொறி முழுக்கச் சிரித்தது. யாரோ முதுகில் தட்டினார்கள். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். மதினி துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பயணத்திலிருந்து அவர் திரும்பி வரவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். உடம்பு வந்தது, சாப்பிட்டது, பாதையில் நின்றது. ஸ்டோரில் மெஷினுக்குப் பக்கத்தில் விடமுடியாது என்று நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் சும்மாவே பேர் போட்டார்கள். பிறகு அந்தத் துரை சீமைக்குப் போனார், அடுத்து வந்தவருக்குப் பந்தில் ஆசை இல்லை, பேரை வெட்டிவிட்டார்கள். மறுவருஷம் அவர் இடத்தில் வேறொரு பையன் தலை கொடுத்தான். மேடு நிறைந்துதான் இருந்தது. நான் போகவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

மதினி மலைக்குப் போகவேண்டும். அவரை வீட்டில் தனியாக விடமுடியவில்லை, எந்தப் பள்ளத்தில் போய் இறங்குவாரோ. ஒருநாள் காலையில் அவரைக் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப்பிறகு என்னோடு அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"இவரையும் வச்சுக்க புள்ள" என்றாள். "வேற யாருகிட்ட விடுறதுன்னு தெரியல."

வைத்துக்கொண்டேன். தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார். தொட்டில்களுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து உட்காரவைப்பேன். ஏதாவது பிள்ளை அழுதால் கயிற்றைப் பிடித்து ஆட்டுவார். அதில் மட்டும் தடுமாற்றம் கிடையாது. கோபம் வருகிற நாளும் உண்டு. அன்றைக்குப் பிள்ளைகளை உள்ளறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிட்டு, அவர் ஓயும்வரை நான் வாசலில் நிற்பேன். கோபத்தைத் தணிக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. "மேட்ச் எப்ப தங்கச்சி?" என்று கேட்பார். "வர்ற ஞாயித்துக்கிழமைண்ணே" என்பேன். "எல்லாரும் வருவாங்கல்ல?" என்பார். "எல்லாரும் வருவாங்க" என்பேன். அடங்கிவிடுவார். தினமும் இதுதான். கேட்காத நாள் கிடையாது.

ஒருநாள் நல்ல மழை. கூரை ஒழுகி இரண்டு தொட்டில்களை இடம் மாற்றிக் கட்டிக் களைத்துப்போயிருந்தேன். அவர் கேட்டார். நானும் சொன்னேன். "எல்லாரும் வருவாங்கல்ல?" என்றார்.

அன்றைக்கு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "இல்லண்ணே. இந்தத் தடவை யாரும் வர மாட்டோம்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பயந்துபோனேன். பிள்ளைகளை எப்படி எடுத்துக்கொண்டு ஓடுவது என்று கதவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி யோசித்தார்.

"நீயும் வரலையா?"

"நானும் வரலண்ணே."

"லயத்துல ஒருத்தரும் வரலையா?"

"ஒருத்தரும் வரல."

"அப்ப நான் எதுக்குப் போகணும்?" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. வேலை ஒன்று குறைந்தவர்போல இருந்தார். "நான் வீட்டுலயே இருந்துக்கறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தார். அன்று பீலியில் மதினி சொன்னதும் இதைத்தான்.

மழை விட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வருகிற பெண்கள் வெளியே கூடைகளை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. மதினியும் அவர்களோடு வந்தாள், அவருக்கு ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அவர் இவ்வளவு அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன புள்ள, என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாரே?"

"ஒண்ணும் சொல்லல மதினி" என்றேன்.